மலைவீட்டுக் கீசர்: பராமரிக்கும் முறையும், பழுதான பின் அதன் பயன்களும்

குன்னூரில் நாங்கள் முதலில் வாங்கிய 25 லிட்டர் கீசர், ஆறாம் ஆண்டு ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில் அடியில் சொட்டத் தொடங்கியது. உள் டேங்குக்கு நிறுவனம் கொடுத்திருந்த 5 ஆண்டு உத்தரவாதம் முடிந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. வாங்கிய இரண்டாம் ஆண்டில் வந்து பார்த்த ஊழியர், "இங்க தண்ணி நல்ல தண்ணி சார், உப்பே கிடையாது. சர்வீஸெல்லாம் கீழ இருக்கறவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது கழற்றிப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. நீரைச் சூடாக்கும் காயிலின் மேல், நகத்தால் சுரண்டினாலும் எதுவும் வராத அளவுக்கு மெல்லிய வெள்ளைப் படிவே இருந்தது. ஆனால் டேங்கைத் துருவிலிருந்து காக்க வேண்டிய மெக்னீசியம் கம்பி இருந்த இடத்தில், துருவேறிய மெல்லிய நடுக்கம்பி ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கீசரோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் சமவெளியின் கடின நீரை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. உப்புப் படியும், காயில் வெடிக்கும், ஆண்டுதோறும் சுரண்டுங்கள் என்பதே அவற்றின் அக்கறை. நீலகிரியில் கீசரைக் கெடுப்பவை வேறு: மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர், சரிவில் இறங்கி வரும் குழாயின் அழுத்தம், பனிக்காலக் குளிர், மழைக்கால வண்டல். ஆகவே இங்கே பராமரிப்பின் வரிசையும் மாற வேண்டும்.

முதலில் தண்ணீர்

தேயிலை செழிக்கும் மண் அமில மண். அந்த மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஊறி வரும் ஊற்று நீரிலும், கூரையில் பிடிக்கும் மழை நீரிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இதை அறிய ஆய்வகம் தேவையில்லை. கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கி, எத்தனை முறை கழுவினாலும் கையில் வழவழப்பு போகாமல் இருந்தால் அது மென்னீர். செம்புக் காயில் உள்ள கீசராக இருந்து, வாஷ்பேசினில் குழாய்க்கு நேர் கீழே நீலப்பச்சைக் கறை படிந்தால் அந்த நீர் செம்பைக் கரைக்கிறது என்று பொருள்.

கீசரின் உள் டேங்க் இரண்டு வகையில் வருகிறது. இரும்புத் தகட்டின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசியது ஒன்று. துருப்பிடிக்காத எஃகினால் ஆனது மற்றொன்று. கண்ணாடிப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் எப்போதும் இருக்கும். அந்த இடங்களில் இரும்பை அரிக்க வரும் வேதிவினையைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதற்காகவே மெக்னீசியம் கம்பி உள்ளே வைக்கப்படுகிறது. மெக்கானிக்குகள் இதை 'ஆனோடு ராடு' என்பார்கள். கம்பி தீர்ந்த மறுநாளிலிருந்து டேங்க் கரையத் தொடங்கும். அதற்காகக் கம்பி தேயாமல் அப்படியே இருந்தால் மகிழ்ந்துவிடவும் முடியாது. உப்பு மிகக் குறைந்த நீரில் மின்னோட்டம் சரியாகப் பாயாததால், கம்பி முழுசாக இருக்கும்போதே டேங்கின் தொலைவான மூலைகள் துருப்பிடிப்பதும் உண்டு. இந்தக் காரணத்தால், புதிதாக வாங்குபவர்கள் விலை சற்றுக் கூடினாலும் துருப்பிடிக்காத எஃகு டேங்க் உள்ளதையே இங்கே வாங்கலாம் என்பது என் கருத்து. கடலோர ஊர்களின் குளோரைடு மிகுந்த நீர் அந்த எஃகில் புள்ளிப் புள்ளியாகத் துளையிடும். மலையின் ஊற்று நீரில் அந்தத் தொல்லை குறைவு.

ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் சர்வீஸ்

உதகையின் மேற்குப் பக்கத்திலும் கூடலூர்ப் பக்கத்திலும் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் மிகுதி. எந்தப் பக்கம் இருந்தாலும், இரண்டு மழையின் வண்டலும் டேங்கில் வந்து சேர்ந்தபின், மார்கழிக் குளிர் இறுகுவதற்கு முன் டிசம்பர் முதல் வாரத்தில் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. உத்தரவாதக் காலத்துக்குள் நாமே திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதால், அதுவரை நிறுவனத்தின் ஆளையே அழைத்து, கம்பியைக் கழற்றி நம் கண்முன் காட்டும்படி கேட்க வேண்டும். கேட்டால் ஒழியக் காட்டமாட்டார்கள்.

உத்தரவாதம் முடிந்தபின் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். முதலில் மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யை, அதாவது அதற்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்க வேண்டும். குளியலறைச் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. பழைய வீடுகளில் வயர் மாறிப் பொருத்தப்பட்டு, சுவிட்சை அணைத்த பிறகும் காயிலில் மின்சாரம் இருப்பதை நானே டெஸ்டரில் பார்த்திருக்கிறேன். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற வேண்டும். அடுத்து நீல வளையம் போட்ட பக்கத்தில் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, காற்றுப் புகுவதற்காக வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்து, அழுத்தம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வின் சிறு கைப்பிடியைத் தூக்கினால் டேங்க் காலியாகத் தொடங்கும். கைப்பிடி அசையாமல் இறுகியிருந்தால், அந்த வால்வு ஆபத்துக் காலத்திலும் திறக்காது என்று கொண்டு புதிதாக மாற்றிவிட வேண்டும். வால்வு வழியாக மெதுவாகத்தான் வடியும்; பொறுமையில்லாதவர்கள் உள்வரும் குழாயின் நட்டைக் கழற்றி வாளியைப் பிடிக்கலாம். 25 லிட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு வாளி.

கடைசியில் வரும் தண்ணீரைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தேநீர் நிறத்தில் மெல்லிய சேறு வந்தால் அது மழைக்கால வண்டல், கவலை இல்லை. தகடு தகடாக உதிர்ந்த துரு வந்தால் கண்ணாடிப் பூச்சு உரிகிறது என்று பொருள். அந்தக் கீசருக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள்தான். குழாயை மீண்டும் பொருத்தி, உள்வரும் வால்வை அரை நிமிடம் திறந்து மூடி வடிப்பதை, தெளிந்த நீர் வரும்வரை மூன்று நான்கு முறை செய்தால் சேறு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். ஜூலையில் குழாய் நீர் கலங்கி வரும் வாரங்களுக்குப் பிறகு, இந்த அலசலை மட்டும் தனியாக ஒரு முறை செய்துகொள்வது நல்லது.

டேங்க் காலியானபின் அடிமூடியைக் கழற்றி, வயர்கள் இணைந்திருக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகே அவற்றைப் பிரிக்க வேண்டும். காயிலும் மெக்னீசியம் கம்பியும் பெரும்பாலானவற்றில் ஒரே வட்டத் தட்டில் அமைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு நட்டுகளைக் கழற்றினால் தட்டு அப்படியே கீழே இறங்கும். கம்பியின் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்தாலோ நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ, அதே நீளத்தில் புதியது போட வேண்டும். பருமன் குறையாமல் மேலே வெள்ளைப் பொருக்கு மட்டும் கட்டியிருந்தால், கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்துவிட்டுப் பழையதையே மாட்டலாம். வெந்நீரில் கூமுட்டை நாற்றம் வருவதாகச் சொல்பவர்களின் வீட்டில், நீரில் உள்ள சில நுண்ணுயிர்களும் இந்த மெக்னீசியமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன; அதற்காகக் கம்பியையே கழற்றி எறிந்துவிடுவது நோயாளியை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு ஒப்பாகும். டேங்கை அலசி, ஒரு நாள் முழுவதும் 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்தால் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காயிலில் படிவு இருந்தால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தால் போதும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே கூடாது. அது படிவோடு சேர்த்துச் செம்பையும் தின்னும். திரும்பப் பொருத்தும்போது ரப்பர் கேஸ்கெட்டைப் புதியதாகவே போட வேண்டும், பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. நட்டுகளை வரிசையாகச் சுற்றி வராமல், ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்து என மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் தட்டு ஒரு பக்கமாகச் சாயாது. பிறகு தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றுச் செருமல் நின்று நீர் ஒரே சீராக விழுவதைக் கண்ட பின்னரே எம்.சி.பி.யைத் தூக்க வேண்டும். காலி டேங்கில் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், கீசரைத் தொடுவதற்கு முன் அதைப் பொருத்தும் வேலையை முடியுங்கள்.

சரிவும் அழுத்தமும்

மலையில் வீடுகள் படிப்படியாக இறங்குகின்றன. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருக்கிறது. உயரம் ஒவ்வொரு 10 மீட்டர் குறையும்போதும் குழாயில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். எங்கள் சந்தில் பொதுத் தொட்டிக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே 45 மீட்டர் இறக்கம். அந்த வீட்டில் குழாயைத் திறக்காதபோது கீசரின் மேல் நான்கரை பார் அழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். அதற்கும் மேலே, தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கொள்ளளவு நூற்றுக்கு 1.6 அளவு பெருகுகிறது. 25 லிட்டரில் அது ஏறத்தாழ 400 மில்லி. திரும்பிப் போக வழியில்லாத அந்த 400 மில்லி சேஃப்டி வால்வின் வழியாகச் சொட்டும். கீசர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுது அல்ல, வால்வு தன் வேலையைச் செய்கிறது. அந்தச் சொட்டு நிற்கட்டும் என்று வால்வின் வாயை அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு வெடிகுண்டை மாட்டி வைப்பதற்கு அது சமம்.

நாள் முழுவதும் சொட்டினால் குழாயின் அழுத்தமே மிகுதி என்று பொருள். கீசரின் பெயர்த் தகட்டில் எத்தனை பார் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் பாதிக்கும் மேல் நிலையான அழுத்தம் இருந்தால், அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போடலாம். அதைவிட எளிய வழி, கூரையின் மேல் சொந்தமாக 300 அல்லது 500 லிட்டர் சின்டெக்ஸ் வைத்து, கீசருக்கான நீரை அதிலிருந்து மட்டும் இறக்குவது. வண்டலும் அந்தத் தொட்டியிலேயே பாதி படிந்துவிடும் என்பது கூடுதல் ஆதாயம். கண்ணாடிக் குழாய் வைத்த சூரிய வெந்நீர்க் கலன்களில் பல, அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டவையே அல்ல. அவற்றைத் தெருக் குழாயில் நேராக இணைத்தால் டேங்க் உப்பிப் பிளக்கும்.

25 லிட்டர் ஏன் போதுவதில்லை

சென்னையிலிருந்து குடிவருபவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் சொல்லும் குறை, கீசர் சரியாகச் சூடாகவில்லை என்பது. தொட்டி நீர் அங்கே 27 டிகிரியில் கீசருக்குள் போகிறது. உதகையின் ஜனவரிக் காலையில் 12 டிகிரியில் போகிறது என்று கொள்வோம். 25 லிட்டரை 55 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் கீசருக்கு அங்கே 24 நிமிடம், இங்கே 37 நிமிடம். குளிப்பதற்கு 40 டிகிரியில் கலந்தால், அங்கே அந்த 25 லிட்டர் ஏறத்தாழ 54 லிட்டராக விரியும். இங்கே கலக்கும் பச்சைத் தண்ணீரும் 12 டிகிரி என்பதால் 38 லிட்டரோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வாட் காயில் ஏறத்தாழ 1200 வாட்டுக்குத்தான் வேலை செய்யும். 37 நிமிடம் ஒரு மணி நேரமாக நீளும். காயிலை மாற்றியோ, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் திருகியோ இதைச் சரிசெய்ய முடியாது. வெந்நீர்க் குழாயின் நீளத்தைக் குறைத்து, வெளிச்சுவரில் ஓடும் பகுதிக்கு ஃபோம் உறை போடுவதுதான் பலன் தரும். தெர்மோஸ்டாட் 55க்கும் 60க்கும் நடுவே இருக்கட்டும். அதற்கு மேல் வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. குறைத்து வைத்தால் நுண்ணுயிர்களுக்கு வசதி.

உதகையின் உயரத்தில், 2240 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் பழுதாகி டேங்கின் நீர் அந்த அளவைத் தாண்டினால், உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், குழாயைத் திறந்தவுடன் ஆவியாகச் சீறும். அப்படிச் சீறினால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அறையை விட்டு வெளியேறி, சில மணி நேரம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும்.

காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் உறைபனி புல்லின் மேல் உப்புப் போலப் படியும் இரவுகளில், டேங்க் உறைவதில்லை. வெளிச்சுவரில் ஓடும் மெல்லிய குழாய்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், மின்சாரத்தைத் துண்டித்து, டேங்கையும் குழாய்களையும் வடித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்த களைப்பில் காலி கீசரைப் போட்டுவிடாமல் இருக்க, சுவிட்சின் மேல் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்.

ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது?

கீசர் சூடாகவில்லை என்றால் காயில், தெர்மோஸ்டாட், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட் அவுட் ஆகிய மூன்றில் ஒன்று போயிருக்கும். மூன்றுமே கடையில் கிடைக்கின்றன, கீசரை மாற்ற வேண்டியதில்லை. சொட்டும் கீசரில், அடிமூடியைத் திறந்து வட்டத் தட்டின் விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். விளிம்பில் ஈரம் அரும்பினால் அது கேஸ்கெட். சில பத்து ரூபாய்ச் செலவு. விளிம்பு உலர்ந்திருக்க, வெளி உறையின் மூட்டிலிருந்து பழுப்பு நீர் வடிந்தால் டேங்கிலேயே துளை விழுந்திருக்கிறது. கண்ணாடிப் பூச்சுள்ள டேங்கைப் பற்றவைக்க முடியாது. வெல்டிங் சூட்டில் பூச்சு சுற்றிலும் உதிர்ந்து, ஒரு துளையை அடைக்கப் போய் பத்துத் துளைக்கு வழி பிறக்கும்.

அந்தக் கீசரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். துளை விழுந்த டேங்க் தண்ணீரைத்தான் வைத்திருக்காது. சூட்டை வைத்திருக்கும் திறன் டேங்கில் இல்லை. டேங்குக்கும் வெளி உறைக்கும் நடுவே நிரப்பியிருக்கும் மஞ்சள் நிற ஃபோமில் இருக்கிறது. நனையாத பகுதியில் அந்த ஃபோம் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கும்.

மாவு புளிக்கும் பெட்டி

மலையில் இட்லி மாவு புளிக்க வைப்பது ஒரு தனிக் கலை. டிசம்பரில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்புக்கு அருகே வைத்து, காலையில் திறந்து பார்த்தால் அரைத்து வைத்தபடியே இருக்கும். என் அம்மா மூன்று நாளில் சுட வேண்டிய இட்லிக்கு இன்றே அரைப்பார். ஒழுகிய கீசர் ஒன்றை நான் வெட்டியது இதற்காகத்தான்.

டேங்க் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மட்டுமே இந்த வேலைக்கு எடுக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் அது பெரும்பாலும் கண்ணாடிப் பூச்சுள்ள இரும்பு. வெட்டும்போது பூச்சு ஊசி ஊசியாகத் தெறிக்கும், பிறகும் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் உணவுப் பாத்திரத்தின் அருகே அது கூடாது. எங்கள் வீட்டில் ஒழுகியது பூச்சு வகை என்பதால், எதிர்வீட்டுக்காரர் மூட்டில் கசிவு கண்டு கழற்றிப் போட்டிருந்த எஃகு டேங்க் கீசரை வாங்கி வந்தேன்.

மின்பாகங்களையும் வால்வையும் முழுவதும் கழற்றி, டேங்க் உள்ளே உலரும்படி இரண்டு நாள் கவிழ்த்து வைக்க வேண்டும். குழாய்கள் இருக்கும் முனை அடிப்பக்கம். மறுமுனையின் குவிந்த பகுதி மூடியாகப் போகிறது. மேலிருந்து கால் பங்கு உயரத்தில் சுற்றிலும் கோடு போட்டு, வெளி உறையை முதலில் அறுக்க வேண்டும். பிறகு, பழைய ரம்பக் கத்தியால் ஃபோமை நான்கு விரல் அகலத்துக்கு வட்டமாகத் தோண்டி எடுத்தால், நடுவில் எஃகு பளபளவென்று தெரியும். ஃபோமோடு சேர்த்து கட்டிங் மிஷினை ஓட்டவே கூடாது; பொறி பட்டால் ஃபோம் தீப்பிடிக்கும், அந்தப் புகை நஞ்சு. தோண்டிய பள்ளத்தின் இரு கரையிலும் ஈரச் சாக்கைச் சுற்றி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து எஃகை மட்டும் அறுக்க வேண்டும். மிஷின் பழக்கமில்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் கொடுத்து அறுத்து வாங்கலாம். அறுத்த விளிம்பு கத்தியாக இருக்கும்; அரத்தால் ராவி, பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டிவிட்டால் கையும் காயமாகாது, மூடியும் காற்றுப் புகாமல் உட்காரும். தோண்டிய பள்ளத்தையும் அடியிலுள்ள ஓட்டைகளையும் ஃபோம் துண்டுகளாலேயே அடைத்து, மேலே டேப் சுற்ற வேண்டும்.

இப்போது கணக்கு. 15 டிகிரியில் இருக்கும் 4 கிலோ மாவை 30 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 210 கிலோஜூல். 65 டிகிரியில் ஊற்றிய 2 லிட்டர் வெந்நீர் 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 290 கிலோஜூல் கொடுக்கும். மீதி 80, இரவெல்லாம் பெட்டியிலிருந்து கசியும் சூட்டுக்கு ஈடு. ஆகவே 2 லிட்டர் சரியாக இருக்கும்; உறைபனி இரவுகளில் 3 லிட்டர். வெந்நீரை மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் ஊற்றி அடியில் வைத்து, அதன்மேல் ஒரு மரப்பலகை, பலகையின் மேல் மாவுப் பாத்திரம். தூக்கு நேராகப் பாத்திரத்தைத் தொட்டால் அடிமாவு வெந்து, மேல்மாவு சில்லென்று இருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. டேங்கின் வாயை அளந்துவிட்டே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் அளக்காமல் வாங்கிய பாத்திரம் இன்னும் பரணில் இருக்கிறது.

முதல் நாள் மூன்று லிட்டரும் ஊற்றிவிட்டேன். காலை ஐந்து மணிக்கு அம்மாவின் குரல் கேட்டது: "டேய், மாவு பொங்கி வழிஞ்சு பெட்டியெல்லாம் கெடக்குது, வந்து தொடை!" அவர் கோபத்தில் சொல்லவில்லை. இதே பெட்டியில் தயிரும் உறைகிறது. காலையில் வடித்த சோறு மதியம் வரை ஆவி பறக்கிறது.

மற்றப் பயன்கள்

துளை இல்லாத டேங்க், அதாவது பெரியதாக மாற்றியதாலோ மின்பாகம் கிடைக்காததாலோ கழற்றியது, வெயிலில் நீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கப் பயன்படும். உறையையும் ஃபோமையும் உரித்து, டேங்குக்குக் கறுப்புப் பெயின்ட் பூசி, கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டியில் தெற்கு நோக்கி மொட்டைமாடியில் கிடத்தி, சின்டெக்ஸிலிருந்து வரும் நீர் இதன் வழியாகக் கீசருக்குப் போகும்படி இணைக்க வேண்டும். வானம் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை இது நன்றாக உழைக்கும். 12 டிகிரி நீர் 30 டிகிரியில் கீசருக்குள் போனால், ஒவ்வொரு 25 லிட்டருக்கும் அரை யூனிட் மின்சாரம் மிச்சம். இரவில் சூடு போய்விடும் என்பதால், மாலையில் குளிப்பவர்களுக்கே இது உதவும். சின்டெக்ஸுக்கும் இந்த டேங்குக்கும் நடுவே ஒருவழி வால்வு போடக் கூடாது. விரியும் நீர் திரும்பிப் போக அந்தக் குழாயே வழி.

நெடுக்காக இரண்டாக அறுத்த டேங்கில் ஜெரேனியமும் ஃபியூஷியாவும் நன்றாக வளரும். அடியில் நான்கு துளை போட்டால் போதும். கண்ணாடிப் பூச்சு வகையைச் செடிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், விளிம்பை மட்டும் ராவ வேண்டும்.

விறகடுப்பின் மேல் இந்த டேங்கை ஏற்றும் யோசனை பலருக்கு வரும், ஏனென்றால் சீகை விறகு இங்கே எளிதில் கிடைக்கிறது. பழைய பங்களாக்களின் பின்கட்டில் இருக்கும் செம்பு பாய்லர், நடுவில் நெருப்புக் குழாயும் மேலே திறந்த வாயும் உடையது. கொதித்தாலும் ஆவி வெளியே போய்விடும். கீசர் டேங்க் எல்லாப் பக்கமும் மூடியது. நெருப்புக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. ஆகவே அதை அடுப்பில் ஏற்றக் கூடாது, கம்ப்ரசருக்குக் காற்று டேங்காகவும் மாற்றக் கூடாது. பாதியாக அறுத்துக் கரி போட்டுக் கணப்பாக வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சு சூட்டில் தெறிக்கும், பூட்டிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலையூர்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

மிஞ்சிய ஃபோமைக் குப்பையோடு கொளுத்தாமல், சாக்கில் கட்டித் தோட்டத்துக் குழாய்களின் வளைவுகளில் பனிக்காலத்துக்குச் சுற்றிவிடலாம். செம்புக் காயிலையும் பித்தளை நட்டுகளையும் இரும்போடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். எடைக்குப் போடும்போது எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே தராசில் ஏற்றிவிடுவார்கள். கழற்றிய சேஃப்டி வால்வை மட்டும் அடுத்த கீசருக்கு உதவும் என்று எடுத்து வைக்க வேண்டாம்.